எங்கள் வீட்டு மருந்துப் பெட்டி

ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனும் எழுதித் தருக என்று அதன் ஆசிரியர் கேட்டபொழுது, இக் கல்லூரியின் இரசாயனக் கூடத்தில் யான் பணிபுரிந்த முப்பத்தைந்து ஆண்டுகளின் நினைவுகளைத் தொகுத்து அனுப்பிவிடலாம் என்று எண்ணி மேசையின் முன் அமர்ந்தேன். சிறிது நேரத்திற்குள் இடுப்பு வலிக்கத் தொடங்கிற்று. எழுந்து நின்றேன்; சற்று நடந்தேன்; மீண்டும் அமர்ந்தேன். இங்ஙனம் மூன்று முறை ஆயிற்று. எழுதவிடாத பொருளையே எழுதுபொருளாகக் கொண்டால் என்ன என்று அப்போது தோன்றியது. முதியோன் ஒருவனது நோய்க் கதை இளைஞர்க்குச் சுவையாயிராது என்பதை அறிவேன். ஆயினும், கால்பந்தாட்டத்தில் முழங்கால் பிசகிய மாணாக்கர் இருவர் சென்ற திங்கள் என் வீட்டிற்கு வந்திருந்தபோது, சட்டைப் பையிலிருந்து வலி மாத்திரையை எடுத்துத் தண்ணீரும் இன்றி விழுங்கியதைக் கண்டேன். அவர்களை எண்ணியே இதனை எழுதத் துணிந்தேன்.

2003-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கூடத்தின் பின்கட்டில் இருந்த அமிலச் சாடி ஒன்றைப் பணியாளர் வரும்வரை காத்திராது யானே தூக்கி வைக்க முயன்றேன். அவசரம் யாதுமில்லை, பொறுமையின்மையே காரணம். இடுப்பிற் சுளீரென்று ஒரு வலி எழுந்து வலக்கால் வழியே குதிகால்வரை ஓடியது. முதுகெலும்புகளின் இடையே உள்ள வட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகின்றது என்றும், அறுவைக்கு இப்போது அவசியமில்லை என்றும் வைத்தியர் கூறி, டைக்ளோபினாக் என்னும் மாத்திரையை 50 மில்லிகிராம் அளவில் நாளைக்கு இருவேளை, பத்து நாள் உண்ணுமாறு எழுதித் தந்தார். பத்து நாளைக்கு எழுதித் தந்ததைப் பதினான்கு ஆண்டுகள் உண்டேன்.

நாள்தோறும் உண்டேன் என்று சொல்ல இயலாது. வகுப்பு மிகுந்த நாளில் இரண்டு. தேர்வுத் தாள் திருத்தும் நாளில் மூன்று. விடுமுறையில் ஒன்றுமில்லாதும் இருக்கும். வைத்தியரை மீண்டும் கண்டேனில்லை. எங்கள் தெருக்கோடியில் இருந்த மருந்துக்கடையில் என் தலையைக் கண்டதும் அட்டையை எடுத்து வைத்துவிடுவார்கள். சீட்டு எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் யானே சினந்திருப்பேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

என்னிடம் பயின்றோர் இதனைப் படித்தால் நகைப்பர். சாலிசிலிக் அமிலத்தோடு அசிடிக் அன்ஹைட்ரைடைக் கலந்து, கந்தக அமிலம் சில துளி விட்டு, ஆஸ்பிரின் படிகங்களைச் செய்துகாட்டும் பயிற்சியை ஆண்டுதோறும் நடத்தியவன் யான். எடுத்த அளவு, கிடைத்த அளவு, சிந்தி வீணான அளவு இவற்றைக் குறிக்காத ஏட்டினைத் திருப்பி எறிந்திருக்கின்றேன். அத்தகையவன் தன் வயிற்றுக்குள் ஆண்டொன்றுக்கு எத்தனை கிராம் மருந்து சென்றது என்று ஒருநாளேனும் எழுதி வைத்தானல்லன்.

2017-ஆம் ஆண்டில் கண்புரை நீக்கும் அறுவைக்கு முன் இரத்தம் சோதித்தனர். அதில் கிரியேட்டினின் 1.9 என்றிருந்தது. ஆண்களுக்கு இஃது ஏறத்தாழ 0.7 முதல் 1.3 மில்லிகிராம் வரை இருத்தல் இயல்பு. தசைகள் உழைப்பதால் உண்டாகும் இக் கழிவைச் சிறுநீரகங்கள் இடையறாது வடித்து வெளியேற்றுகின்றன. அவை தளர்ந்தால் இரத்தத்தில் இது மிகும். தளர்ச்சி ஏறத்தாழப் பாதியளவை எட்டும்வரை இவ்வெண் பெரிதும் உயராதாம். எனக்கோ வீக்கமில்லை, சிறுநீரிற் குறைவில்லை, பசியில் மாற்றமில்லை. இடுப்பு மட்டும் பதினான்கு ஆண்டுகளாகக் கூக்குரலிட்டுக்கொண்டிருந்தது. அக் கூக்குரலை அடக்குவதிலேயே கருத்தாயிருந்தமையால், சத்தமின்றித் தேய்ந்துகொண்டிருந்த உறுப்பினை நினைத்தேனல்லேன்.

சிறுநீரக வைத்தியர் ஓர் இளம்பெண்மணி. யான் ஆசிரியன் என்று அறிந்ததும், "ஐயா, தாங்கள் உண்ணும் மாத்திரைகள் யாவற்றையும், காசு கொடுத்துக் கடையில் நேரே வாங்குவன உட்பட, இம் மேசைமேல் வையுங்கள்" என்றார். இரத்த அழுத்தத்திற்கு ராமிப்ரில் ஒன்று, அதனோடு சிறுநீர் பெருக்கும் மாத்திரை ஒன்று, அப்புறம் என் பழைய நண்பனாகிய டைக்ளோபினாக். அவர் மூன்றையும் ஒரு வரிசையில் அடுக்கிவிட்டு, "இம்மூன்றும் ஒரே வீட்டில் இருக்கலாகாது" என்றார்.

காரணத்தை அவர் விளக்கியபோது எங்கள் ஊர்க் கண்மாய் என் கண்முன் வந்து நின்றது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்வடிகட்டிகள் உள. ஒவ்வொன்றிலும் இரத்தம் புகும் குழாய் ஒன்று. வெளியேறும் குழாய் ஒன்று. இடையே போதிய அழுத்தம் இருந்தாலன்றி வடிகட்டல் நிகழாது. புகும் குழாயை விரித்து வைப்பது புராஸ்டாகிளாண்டின் எனப்படும் பொருள். வலியையும் வீக்கத்தையும் எழுப்புவதும் அதன் இனத்தைச் சேர்ந்த பொருளே. ஆஸ்பிரின் முதலிய மருந்துகள் அப்பொருள் உண்டாகாமல் தடுப்பதனாலேயே வலியைத் தணிக்கின்றன என்பதை 1971-ஆம் ஆண்டில் ஜான் வேன் என்பார் கண்டறிந்தார். 1982-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆகவே வலியைத் தணிக்கும் அதே செயல் சிறுநீரகத்தின் வரத்துக் காலையும் அடைக்கின்றது. ராமிப்ரிலோ வெளியேறும் மடையைத் திறந்துவிடுகின்றது. சிறுநீர் பெருக்கும் மாத்திரை கண்மாயின் நீரையே குறைத்துவிடுகின்றது. வரத்துக் கால் அடைபட்டு, மடை திறந்து கிடக்க, நீரும் வற்றிய கண்மாயில் வயலுக்கு என்ன பாயும்? சித்திரை வெயிலில் வியர்த்தோ, வாந்தி பேதியாலோ உடல் வறண்ட நாளில் இது பின்னும் கொடிதாம். ராமிப்ரிலைத் தானே குற்றம் சொல்லுவதற்கில்லை. சிறுநீரகத்தைக் காக்கும் பொருட்டே அதனைப் பலருக்குக் கொடுக்கின்றனர். மூன்றாமவனோடு கூடியதே அதன் கேடு.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடின் என் மனம் ஒப்பாது. 1990-க்குப் பின் நம் நாட்டில் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் திடீரென்று அருகத் தொடங்கின. வெண்முதுகுப் பாறு என்னும் இனம் 1992-க்கும் 2007-க்கும் இடையே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேலாக அழிந்தது. காரணம் தெரியாது அறிஞர் திகைத்தனர். 2004-ஆம் ஆண்டில், பாகிஸ்தானத்தில் ஆராய்ந்தவர்கள் அதனை வெளியிட்டனர்: நோயுற்ற மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோபினாக் அவை இறந்தபின் தசையில் எஞ்சி நின்று, அதனைத் தின்ற பறவையின் சிறுநீரகத்தைச் சிதைத்து, உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலத்தை வெண்பொடியாகப் படியச் செய்து, சில நாட்களில் கொன்றது. 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடுத்தது. மனிதர்க்கென்று விற்ற பெரிய குப்பிகளை மாட்டுக்குச் செலுத்தும் வழக்கம் நீங்காமையால், 2015-இல் ஊசி மருந்துக் குப்பி மூன்று மில்லிலிட்டருக்கு மேற்படலாகாது என்றும் விதித்தது. நம் மாநிலத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் சில பாறுகள் எஞ்சியுள்ளன. இச் செய்தியைப் பத்திரிகையில் வந்த காலத்திலேயே வகுப்பிற் படித்துக் காட்டி, ஒரு பொருளின் குணம் அது சேருமிடத்தைப் பொறுத்தது என்று அழகாகப் பேசினேன். அன்றும் என் சட்டைப் பையில் அதே மருந்தின் அட்டை இருந்தது. பறவைக்கு நஞ்சாவது மனிதர்க்கும் அதே அளவில் நஞ்சாவதில்லை என்பது உண்மையே. ஆயினும் அன்று ஒருமுறையேனும் கை பைக்குச் சென்றிருக்க வேண்டாவா?

அம்மருந்தை விட்டேன். விட்ட முதல் மூன்று வாரங்களை விரிக்க விரும்பவில்லை. இரவில் தரையிற் படுத்து, காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு விடியலை நோக்கியிருந்தேன் என்பது போதும். நான்கு திங்கள் கழித்துக் கிரியேட்டினின் 1.5-க்கு இறங்கியது. வடிகட்டும் திறனைக் குறிக்கும் கணக்கில் 39 என்றிருந்தது 51 ஆயிற்று. அதற்குமேல் ஏறவில்லை, இனி ஏறாது என்றும் வைத்தியர் மறைக்காமற் சொன்னார்.

இம்மட்டோடு முடிந்திருந்தால் இஃது என் ஒருவனுடைய கதை. மருந்தை விட்டேனேயன்றி, மருந்துப் பெட்டியை ஒழித்தேனில்லை. உண்ணாமல் எஞ்சிய அட்டைகள் நான்கு இருந்தன. காசு கொடுத்து வாங்கிய பொருளை எறிய மனம் வராமல், பழைய பிஸ்கோத்துத் தகரப் பெட்டியில் இட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். கூடத்தில் சோதனைக் குழாய் ஒன்று விரிசல் விட்டாலும் எடுத்து வைக்கும் வழக்கம் வீட்டிலும் தொடர்ந்தது.

என் மனைவி ஒரு பள்ளியில் ஆசிரியையாயிருந்தவள். நீரிழிவு நெடுநாள் உண்டு. மதுவை மணந்தும் அறியாள். எனினும் 2019-ஆம் ஆண்டில் அவளுக்குக் கல்லீரலிற் கொழுப்புச் சேர்ந்து, அது நாளடைவில் இறுகிச் சிரோசிஸ் என்னும் நிலைக்கு வந்திருப்பதாகக் கண்டனர். ஈரல் நோய் குடிப்பவர்க்கே வரும் என்று எண்ணியிருந்த உறவினர் சிலர் என்னை ஒருவிதமாகப் பார்த்தனர், அது நிற்க. முழங்கால் வலியும் அவளுக்கு இருந்தது. ஈரல் வைத்தியர் தெளிவாகவே சொன்னார்: "அம்மா, வலிக்குப் பாரசிட்டமால் உண்ணலாம். நாளொன்றுக்கு இரண்டு கிராமைத் தாண்டற்க. மற்ற வலி மாத்திரைகள் உங்களுக்கு ஆகா." அவள் தலையசைத்தாள். ஆயின், பாரசிட்டமால் ஈரலை அரித்துவிடும் என்று அண்டை வீட்டார் சொல்லியிருந்தது அவள் நெஞ்சில் ஆழப் பதிந்திருந்தது. ஈரல் கெட்டவள் ஈரலைக் கெடுக்கும் மருந்தை உண்பதா என்று அஞ்சினாள். அச்சத்தை வைத்தியரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. மேல்தட்டிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்தாள். என் கணவர் பதினான்கு ஆண்டு உண்டு நன்றாகத்தானே இருக்கிறார் என்று எண்ணினாளாம்.

2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவள் கால்கள் வீங்கின. வயிறு உப்பிற்று. சிறுநீர் குறைந்தது. இரத்தத்தில் கிரியேட்டினின் 2.4. ஈரல் இறுகியவர்க்கு உடம்பின் இரத்தவோட்டமே மாறிவிடுவதால், சிறுநீரகம் அந்தப் புராஸ்டாகிளாண்டின் ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்கின்றதாம். அதனையும் பறித்தால் விழுந்துவிடும். ஊரெங்கும் பெருந்தொற்று பரவியிருந்த காலம்; மருத்துவமனையிற் படுக்கை கிடைப்பதே அரிது. கிடைத்தது. வைத்தியர் கேட்டபோது, அவள் தரையை நோக்கியபடி, "இவருடைய மாத்திரைதான்" என்றாள். எத்தனை என்று கேட்டார். அட்டை இரண்டரை என்றாள்.

ஒன்பது நாட்கள் வெளித் திண்ணையில் இருந்தேன். அப்போது யான் எண்ணியவை பல; அவற்றுள் எழுதத்தக்கது ஒன்றே. அவள் மறைத்தாள் என்று முதல் நாள் சினந்தேன். இரண்டாம் நாள், பெட்டியை மேல்தட்டில் வைத்தவன் யார் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அவள் தேறினாள். வீடு திரும்பியதும் அவள் முதலிற் கேட்டது, "பெட்டியை எறிந்துவிட்டீர்களா?" என்பதே. எறிந்துவிட்டிருந்தேன்.

பாரசிட்டமாலைப் பற்றி அவள் கேட்டது முற்றும் பொய்யன்று. அதனாலேயே அது தீங்கு விளைத்தது. அம்மருந்தின் பெரும்பகுதி ஈரலில் வேறு பொருள்களோடு இணைந்து தீங்கின்றிச் சிறுநீரிற் போய்விடும். சிறுபகுதி மட்டும் நச்சுப் பொருளாக மாறும். அதனை ஈரலில் உள்ள குளுட்டாதயோன் பற்றிக்கொண்டு அடக்கிவிடும். அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்துபோக, நஞ்சு ஈரலின் அணுக்களையே பற்றும். உண்ணாநோன்பால் மெலிந்தவர்க்கும், நாளும் குடிப்பவர்க்கும் அக் காவற்பொருள் முன்னமே குறைவு. மிகுதியாக உண்டவர்க்கு முதல் நாள் முழுதும் பெரிதாக ஒன்றும் தெரியாமலிருப்பதும் உண்டு. மாற்று மருந்தோ எட்டு மணி நேரத்துக்குள் செலுத்தினால்தான் முழுப் பயன் தரும். ஆகவே அளவறிந்தவர்க்கு அது நல்ல துணை. நோயற்ற பெரியவர்க்கு நாளொன்றுக்கு நான்கு கிராம் என்பது எல்லை. என் மனைவிக்கு அதிற் பாதி.

வீட்டிற்கு வந்த வாரமே, கூடத்தில் பயன்படுத்தும் நீள ஏடு ஒன்றை வாங்கி நடுவே கோடிட்டேன். இடப்பக்கம் என்னுடையது, வலப்பக்கம் அவளுடையது. நாள், மணி, மருந்தின் பெயர், மில்லிகிராம், வலி எவ்வளவு என்னும் குறிப்பு. எனக்குப் பாரசிட்டமால் 650 நாளைக்கு நான்குக்கு மேல் இல்லை. நரம்பு வலிக்கு இரவில் ப்ரீகாபலின் 75. அம்மருந்து ஈரலைத் தொடாமல் ஏறத்தாழ முழுதும் சிறுநீரகத்தின் வழியே கழிவதால், என் போன்றோர்க்கு அளவைக் குறைத்தே கொடுக்க வேண்டுமென்று வைத்தியர் சொன்னார். இடுப்பிற்கு டைக்ளோபினாக் பூச்சு மிகச் சிறிதளவு, அவர் அனுமதித்த நாட்களில் மட்டும்; தோலின் வழியே உடலிற் சேர்வது நூற்றில் ஆறு பங்கு அளவே என்பர். அவளுக்குப் பாரசிட்டமால் 500, நான்குக்கு மேல் இல்லை, ஒத்தடம், நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சி. இருவருக்கும் மூன்று திங்களுக்கு ஒருமுறை இரத்தச் சோதனை. எங்களுள் யார் புதிய வைத்தியரிடம் சென்றாலும், பல் பிடுங்கவாயினும், ஏடும் உடன் வரும்.

ஏடு வைத்தவன் பிழை செய்யமாட்டான் என்று எண்ண வேண்டா. 2022-இல் எனக்குச் சளிக் காய்ச்சல் வந்தது. அன்று மாலை அவள் ஏட்டைப் பார்த்து, "நான்கு உண்டிருக்கிறீர்கள், 2600 ஆயிற்று" என்றாள். ஆம் என்றேன். "சளிக்கு உண்டது?" என்றாள். அது வலி மாத்திரை அன்றே, எழுதவில்லை என்றேன். அவள் அவ் அட்டையை எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, பின்புறத்தில் இருந்த எறும்பெழுத்துகளை வாசித்தாள். ஒவ்வொன்றிலும் பாரசிட்டமால் 500. மூன்று உண்டிருந்தேன். கூட்டினோம்: 4100. இரசாயன ஆசிரியன் பெயரை மட்டும் பார்த்து உள்ளீட்டைப் பார்க்காமல் விழுங்கியதைக் கணித ஆசிரியை கண்டுபிடித்தாள்.

இவ்வேற்பாட்டால் வலி போய்விட்டது என்று யாரும் கருத வேண்டா. போகவில்லை. 2023-இல் உறவினர் திருமணத்துக்காக ஒன்பது மணி நேரம் புகைவண்டியில் சென்று இறங்கியபோது காலை ஊன்ற இயலவில்லை. நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை. "ஐயா, ஓர் ஊசி போட்டால் பத்து நிமிடத்தில் நடப்பீர்கள்" என்றார் கடைக்காரர், அன்புடனேயே சொன்னார். அப் பத்து நிமிடம் எத்தகையது என்பதை யான் நன்கு அறிவேன். அவரிடம் கேட்டு ஒரு நாற்காலியில் முக்கால் மணி அமர்ந்திருந்துவிட்டு, மணமகன் வீட்டார் அனுப்பிய வண்டியில் ஏறினேன். தாலி கட்டும் நேரம் தப்பிவிட்டது. இதனை வீரம் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். அந்த ஊசி இன்றும் சில இரவுகளில் நினைவுக்கு வருகின்றது.

இதனை எழுதி முடிப்பதற்குள் நான்கு முறை எழுந்து நடந்துவிட்டேன். மணி ஆறு. அடுத்த அறையிலிருந்து மனைவி, தன் பக்கத்தில் இன்று இரண்டு மட்டுமே ஆயிற்று என்றும், என் பக்கத்தில் மூன்றாவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் உண்டு என்றும் சொல்லுகின்றாள்.